பன்றித் தொடையிலிருந்து மரபணு வரை: ‘பெர்ல்’ என்ற பெயரின் வரலாறு

சென்னை எழும்பூரில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிடும் ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஊருக்குள் நடந்தால் லாட்ஜ், பேக்கரி, ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர் என்று பெயர்ப்பலகைகளில் முத்து கொட்டிக் கிடக்கிறது. கடலில்தான் இல்லை. 1955 முதல் 1961 வரை அரசு நடத்திய முத்துக்குளிப்புதான் இந்தக் கரையின் கடைசிச் சலாபம். அதற்குப் பிறகு சலாபம் போடும் அளவுக்குக் கடலடிப் பார்களில் சிப்பி சேரவில்லை.

ஆட்களின் பெயர்களையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். முத்துக்குமார், முத்துலட்சுமி, முத்தையா, முத்துமாரி. அடுத்த தெருவில் மார்கரெட். அவளும் முத்துதான், கிரேக்கத்தைச் சுற்றி வந்தவள். வடக்கே போனால் மோதி. கொச்சியில் குடும்பத்தோடு சாமான் வாங்கப் போகும் லூலூவும் அரபியில் முத்து. இத்தனை முத்துகளுக்கு நடுவே இந்தக் கட்டுரை துரத்துவது வேறொன்றை: 1987-இல் அமெரிக்காவில் பிறந்து, பத்து ஆண்டுக்குள் மனித மரபணுத் திட்டத்தின் அன்றாட வேலைக்குள் புகுந்துவிட்ட ஒரு நிரல்மொழியின் பெயர். பெர்ல்.

முதலில் பொருள் எங்கே கிடைத்தது என்பதைப் பார்த்துவிடலாம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொல்கோயில் தண்டனைக் கைதிகள் முத்தெடுத்தார்கள் என்கிறது. கொல்கோய் நம் கொற்கை. இன்று கடல் விலகிப்போய், வயலும் குளமுமாக நிற்கிற ஊர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது முதலில் வருவது தாம்ரபர்ணிகம், அடுத்து பாண்டியகவாடகம். நம் தாமிரபரணி ஆற்றின் பெயரையே ஒரு முத்து வகைக்கு வைத்திருக்கிறார்கள்.

சமஸ்கிருத நூல்களில் முத்துக்கு வழங்கும் சொல்லும் கவனிக்க வேண்டியது. வேதங்களில் முத்தைக் குறிப்பது ‘கிருசனம்’. ‘முக்தா’ பிறகு வருகிறது. சிப்பியிலிருந்து விடுபட்டது, அதனால் முக்தா என்று விளக்கம் சொன்னார்கள். இது பொருளுக்குப் பொருத்தமாகப் பின்னால் தைத்த சட்டை என்றும், அடியில் இருப்பது திராவிட முத்துதான் என்றும் கருதும் மொழியியலாளர் உண்டு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முத்து கிடைத்த கடல் தெற்கே. பழைய சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச் சொல் உள்ளே வரக் காரணம் வணிகமாகத்தான் இருக்க முடியும்.

தமிழில் முத்து கடலோடு நிற்பதில்லை. ஆமணக்கு விதை கொட்டைமுத்து. அம்மை வார்த்தால் உடம்பில் எழும்புவதும் முத்து. சிறியதாய், உருண்டையாய், உள்ளே ஏதோ திரண்டதாய் இருப்பவற்றுக்கெல்லாம் அந்தச் சொல் போகிறது. ‘முற்றியது முத்து’ என்று மேடைகளில் ஒரு விளக்கம் கேட்டிருப்பீர்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் மலையாளம் குறுக்கே நிற்கிறது. தமிழ்ப் பேச்சில் ‘ற்ற’ ‘த்த’ ஆகிவிடும். முற்றின கத்திரிக்காயை முத்தின கத்திரிக்காய் என்கிறோம். மலையாளம் இரண்டையும் கலப்பதில்லை. அங்கே முத்துக்கு ‘த்த’, முற்றுதலுக்கு ‘ற்ற’. இரண்டும் ஒரே வேரென்றால் மலையாளி ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறார் என்பதற்குப் பதில் வேண்டும்.

மேற்கே போன முத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘மார்கரித்தேஸ்’. அது ஈரானிய மொழிகளிலிருந்து எடுத்தது; பாரசீக ‘மர்வாரித்’ அதன் உறவு. இலத்தீனில் மார்கரீத்தா, போர்ச்சுகீசியத்தில் மார்கரீதா. போர்ச்சுகீசியர் இந்தக் கரைக்கு வந்து, 1530-களில் பரதவர் மதம் மாறி, 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய பிறகு, அந்தப் பெயர் ஞானஸ்நானத் தொட்டி வழியாக இங்கே திரும்பியது. முத்துக்குளிக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு மார்கரீத்தா என்று பெயர் வைத்தார்கள். பொருள் தெரிந்துதான் வைத்தார்களா என்பது வேறு கேள்வி.

பிளினி என்ற எழுத்தாளரின் காலத்து ரோமர்களுக்கு இன்னொரு சொல்லும் இருந்தது. தனியொன்றாய், பெரிதாய்க் கிடைக்கும் முத்தை ‘ஊனியோ’ என்றார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பதால் அந்தப் பெயர் என்று பிளினி சொல்கிறார். அதே சொல் வெங்காயத்துக்கும் போய், இன்றைய ஆங்கில ‘ஆனியன்’ ஆனது. ரோமானியச் சீமாட்டியின் காதில் தொங்கியதும் நம் சாம்பாரில் மிதப்பதும் மேற்கில் ஒரே பெயரில் இருந்திருக்கின்றன.

ஆக கிரேக்கம், இலத்தீன், பாரசீகம், அரபி என்று வணிக வழியில் இருந்த மொழிகளில் எங்கேயும் ‘பெர்ல்’ போன்ற ஓசை இல்லை. அது இடைக்காலத்தில் இத்தாலி, பிரான்ஸ் பக்கம் திடீரென்று ‘பெர்லா’, ‘பெர்ல்’ என்று தலைகாட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அங்கிருந்து வந்தது. பேரிக்காய் வடிவம் என்ற பொருளில் ‘பிருலா’விலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அகராதிகள் கூடுதலாகச் சாய்வது ‘பெர்னா’ பக்கம். பெர்னா என்றால் இலத்தீனில் பன்றித் தொடை, உப்புக்கண்டம் போட்டுத் தொங்கவிடும் பின்னங்கால். மணலில் செங்குத்தாக நின்று, அடி குறுகி மேலே அகன்றிருக்கும் ஒரு பெருஞ்சிப்பிக்கு அந்த வடிவத்தைப் பார்த்து ரோமர் பெர்னா என்று பெயர் வைத்தார்கள். பிளினியும் அதைக் குறிப்பிடுகிறார். சிறு பெர்னா ‘பெர்னுலா’, அது தேய்ந்து ‘பெர்லா’. சிசிலித் தீவின் பேச்சுமொழியில் முத்துக்கு இன்றும் ‘பெர்னா’ என்றே பெயர். எனக்கு அந்த ஒரு சான்று போதும்.

இந்த இடத்தில் யாராவது ‘பரல்’ என்று எழுந்து நிற்பார் என்று தெரியும். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்புப் பரல் முத்து, கண்ணகியின் சிலம்புப் பரல் மாணிக்கம். பரல், பெர்ல், கேட்கிறபோது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் பரல் என்பது சிறு கல். சிலம்புக்குள் எது கிடந்தாலும் அது பரல். அது முத்தின் பெயராகக் கப்பலேறியிருந்தால் வழியில் அலெக்சாந்திரியாவிலோ பஸ்ராவிலோ ஓரிடத்திலாவது தடம் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்து உலகமெல்லாம் போனது. பெயரை மட்டும் போன இடத்தில் பன்றித் தொடையைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். இதில் நமக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

இனி கணினி.

லேரி வால் என்ற அமெரிக்கர் மொழியியல் படித்தவர். அவரும் மனைவியும் எழுத்தில்லாத ஒரு மொழியைத் தேடிப்போய் அதற்கு எழுத்து அமைத்து, விவிலியத்தை மொழிபெயர்க்க வேண்டும் என்று எண்ணியிருந்தார்கள். உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. கணினி வேலைக்குப் போனார். குவியல் குவியலான உரைக்கோப்புகளிலிருந்து வேண்டியதை உருவி அறிக்கை தயாரிக்க ஒரு கருவி தேவைப்பட்டபோது, 1987 டிசம்பரில் தானே ஒரு மொழியை எழுதி வெளியிட்டார். நல்ல பொருள் தரும் சிறிய பெயராகத் தேடியவருக்கு மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் முத்து வணிகர் கதை கைகொடுத்தது. விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வணிகர், தன்னிடமிருந்த எல்லாவற்றையும் விற்று அதை வாங்குகிறார் என்ற கதை. பனிமய மாதா கோயிலில் உட்கார்ந்து அதைக் கேட்கும் தூத்துக்குடிக்காரருக்கு அது உவமையாகவே படாது, பக்கத்து வீட்டுச் செய்தியாகப் படும்.

‘பெர்ல்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஜெர்மனியில் ஒரு நிரல்மொழி இருப்பது வெளியிடுவதற்குச் சற்று முன்னால் தெரியவந்தது. வால் ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து ‘ஏ’யைத் தட்டிவிட்டார். தமிழில் எழுதினால் அந்த எழுத்து விழுந்ததே தெரியாது. பிற்பாடு ஜப்பானியரான யுகிஹிரோ மாட்சுமோட்டோ, பெர்லை மனத்தில் வைத்துத் தன் மொழிக்கு ரூபி என்று பெயர் வைத்தார். பிறந்த மாதக் கற்களில் ஜூனுக்கு முத்து, ஜூலைக்கு மாணிக்கம். பாண்டிமாதேவியும் கண்ணகியும் இப்போது கணினிக்குள்ளும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

மொழியியலாளர் செய்த மொழி என்பது பெர்லைப் பார்த்தவுடன் தெரியும். ஒருமைக்கு முன்னால் டாலர் குறி, பன்மைக்கு முன்னால் ‘அட்’ குறி. ஒரே பொருளைப் பல விதமாகச் சொல்ல இடம் உண்டு. ஆனால் உயிரியலாளர்களை அதனிடம் இழுத்தது இலக்கணம் இல்லை, அதன் தேடும் திறமை. டிஎன்ஏ என்பது கணினிக்கு ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்தால் ஆன நீண்ட உரை. அந்த உரையில் ‘சிஏ சிஏ சிஏ’ என்று திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு, மைக்ரோசாட்டிலைட் என்பார்கள். அவற்றின் நீளம் ஆளுக்கு ஆள், சிப்பிக்குச் சிப்பி மாறும். இரண்டு பார்களில் கிடைத்த சிப்பிகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையா என்று பார்க்க அதுவே அளவுகோல். பெர்லில் அதைத் தேட ஒரு வரி போதும். இரண்டு சாய்கோடு போடுங்கள். நடுவே அடைப்புக்குறிக்குள் சிஏ. அதன் பின்னால் நெளி அடைப்புக்குள் 10 என்று எழுதி ஒரு காற்புள்ளி. பத்து முறையோ அதற்கு மேலோ சிஏ தொடரும் இடமெல்லாம் வரிசையாக வந்து விழும். இதையே அன்றைக்கு வழக்கிலிருந்த சி மொழியில் எழுதினால் பக்கம் நிறையும்.

இந்த வசதியை உயிரியலுக்குள் கொண்டுபோனவர்களில் முன்னால் நிற்பவர் லிங்கன் ஸ்டைன். ஹார்வர்டில் மருத்துவமும் முனைவர் பட்டமும் முடித்தவர். நுண்ணோக்கியோடு இருந்திருக்க வேண்டியவர் கணினியிடம் ஒதுங்கினார். அமெரிக்காவின் வைட்ஹெட் நிறுவனத்தில் மரபணு வரைபட வேலை நடந்த காலத்தில் அதன் தகவல் பிரிவைப் பார்த்துக்கொண்டார். இணையப் பக்கங்களில் படிவம் நிரப்பி அனுப்பினால் அதை வாங்கிப் பதில் தரும் ‘சிஜிஐ’ என்ற பெர்ல் தொகுப்பை எழுதியவரும் அவரே. 1990-களின் பிற்பாதியில் இணையத்தில் எதையாவது பதிவு செய்தவர்களில் பலர் அவர் எழுதிய வரிகளைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

1996 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு கூட்டம். ஐரோப்பாவின் மிகப்பெரிய டிஎன்ஏ வரிசையாக்க மையமும் அமெரிக்காவின் மிகப்பெரிய மையமும் சந்தித்தன. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆய்வுமுறை, ஒரே மாதிரியான தரவுத்தளம், ஒரே மாதிரியான கருவிகள். ஆனால் இவர் தரவை அவர் படிக்க முடியாது, அவர் முடிவை இவர் ஒப்பிட முடியாது. ஒரு பக்கத்தில் ஒரு பெயர், மறுபக்கத்தில் அதற்கே வேறு பெயர். பெர்லில் எழுதிய சிறு சிறு நிரல்கள் நடுவே நின்று பெயர்த்துக் கொடுத்தன. அவற்றுக்குள் ஓடிய ‘போல்டர்’ என்ற பொது வடிவத்தின் விதி எளிமையானது: ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர், ஒரு மதிப்பு. வரிசையில் நிற்கும் நிரல் தனக்குத் தெரிந்த பெயரை எடுத்து வேலை பார்க்கும். தெரியாததைத் தொடாமல் அடுத்த நிரலிடம் தள்ளிவிடும். இதை ஸ்டைன் அதே ஆண்டு ‘பெர்ல் ஜர்னல்’ இதழில் எழுதினார். பெர்ல் மனித மரபணுத் திட்டத்தைக் காப்பாற்றிய கதை என்று தலைப்பு. கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பெர்ல் கற்ற உயிரியல் மாணவர்கள் உலகெங்கும் உண்டு. பயோபெர்ல் என்ற பொதுத் தொகுப்பு வளர்ந்ததும், மரபணுத் தொகைகளைக் காட்டும் என்செம்பிள் தளம் பெர்லில் எழுதப்பட்டதும் அந்த அலையில்தான்.

பிறகு ஸ்டைன் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போனார், உருளைப்புழுவின் மரபணுத் தரவுத்தளமான வோர்ம்பேஸில் வேலை செய்தார், எந்த உயிரியின் மரபணுத் தொகையையும் திரையில் விரித்துப் பார்க்க உதவும் உலாவியை 2002-இல் வெளியிட்டார், அதன்பின் கனடாவின் ஒன்டாரியோ புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார். இந்த வரிசையை விட எனக்கு முக்கியமாகப் படுவது 2002-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வைத்த வாதம். உயிரியல் தரவு மையங்கள் பழைய இத்தாலிய நகர அரசுகள் போல நடந்துகொள்கின்றன என்றார். ஒவ்வொன்றுக்கும் தனி நிறை, தனி அளவை, தனிப் பேச்சு. மன்னார் வளைகுடா முத்து வணிகருக்கு இது புதுச் செய்தி இல்லை. கழஞ்சும் மஞ்சாடியும் துறைக்குத் துறை எவ்வளவு மாறும் என்பது அவர் பிழைப்பு.

நம் கடல்படு சிப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துச்சிப்பி என்றால் தூத்துக்குடியில் யாருக்கும் சந்தேகம் வராது. விஞ்ஞானிகளுக்கு வந்தது. 1850-இல் கூல்ட் என்ற அமெரிக்கர் அதை ‘அவிக்குலா ஃபுகாட்டா’ என்றார். அவிக்குலா என்றால் குட்டிப் பறவை. சிப்பியின் கீல் ஓரம் சிறகு போல நீண்டிருப்பதால். ஃபுகாட்டா என்றால் சாயம் தீட்டியது. ஓட்டின் மேல் செம்பழுப்புக் கதிர்கள் ஓடுவதால் பொருத்தம்தான். கடல் உயிரியலாளர்களான ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் காலத்தில், 1903 முதல் 1906 வரை வெளிவந்த இலங்கை முத்துக்குளிப்பு அறிக்கைகளில் அதுவே ‘மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ்’. முத்தைச் சுமப்பது, சாதாரணமானது என்று பொருள். பாண்டியன் கருவூலத்தை நிரப்பியதைச் சாதாரணம் என்று எழுத அவர்களுக்கு எப்படி மனம் வந்ததோ. இப்போது வழங்குவது ‘பிங்க்டாடா ஃபுகாட்டா’. ஜப்பானின் அகோயா சிப்பி அதன் கிளையினமா, அதுவேதானா என்ற வழக்கு முடியவில்லை. சிலர் ‘பிங்க்டாடா இம்ப்ரிகாட்டா’ என்ற பெயருக்குள் எல்லாவற்றையும் அடக்குகிறார்கள்.

மனிதருக்கு இது வெறும் தகராறு. கணினிக்கு ஆபத்து. ஒரு பெயரில் தேடினால் இன்னொரு பெயரில் கிடக்கும் தரவு கண்ணில் படாது. இவை ஒன்றே என்று யாராவது அட்டவணை எழுதி வைத்தால் ஒழிய அதற்கு அவை வெவ்வேறு உயிர்கள். ஸ்டைன் 2003-இல் உயிரியல் தரவுத்தளங்களை இணைப்பது பற்றித் தனியாகவே ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

பெயர் வைப்பதில் நம் ஆட்கள் சளைத்தவர்கள் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் குறித்தவர் முத்தை வெறும் முத்து என்று விட்டுவிடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்தநீர், சிவந்தநீர். உருவம் ஒரு பக்கம், ஒட்டிப் பிறந்தது ஒரு பக்கம், நீரோட்டத்தின் நிறம் ஒரு பக்கம். ஒரு மாலையில் எது எத்தனை என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். முத்துச் சந்தையில் இதற்கு மேலும் போனார்கள். துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளை அடுக்கி, துளை எண்ணிக்கையால் பெயரிட்டு, அளவு வாரியாகப் பிரித்தார்கள். விலை போடும்போது எடையை எடையாலேயே பெருக்கினார்கள். இரண்டு மடங்கு எடையுள்ள முத்துக்கு நான்கு மடங்கு விலை. சலாபம் என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. இலங்கையின் சிலாபம் என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

முத்தை மனிதன் விளைவிக்கும் வித்தை ஜப்பானில் 1893-இல் மிகிமோட்டோவின் அரைமுத்தோடு தொடங்கியது. இந்தியாவில் அது கைகூடியது 1973-இல், தூத்துக்குடிப் பக்கம் வேப்பலோடையில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் உடனிருந்தோரும் செய்தது. 1981-இல் தூத்துக்குடியிலேயே பொரிப்பகத்தில் சிப்பிக்குஞ்சுகளையும் வளர்த்தெடுத்தார்கள். அதிலிருந்து இங்கே பெரிய தொழில் எழவில்லை என்பது தனிக்கதை.

சிப்பியின் மரபணுத் தொகையையும் ஜப்பான்தான் முந்திக்கொண்டது. 2012-இல் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தினர் முன்னின்று பிங்க்டாடா ஃபுகாட்டாவின் வரைவுத் தொகையை வெளியிட்டனர். ஏறத்தாழ 115 கோடி எழுத்து. முழுமையாகக் கணித்த மரபணுக்கள் 23,257. ஓட்டின் உட்புறப் பளபளப்பைக் கட்டும் புரதங்களின் மரபணுக்களையும் அதில் தேடலாம். நேக்ரீன் என்ற புரதம் 1996-இல் தெரியவந்தது. 2009-இல் அறிவித்த ஒன்றுக்கு வைத்த பெயர் பிஃப். பிங்க்டாடாவின் ‘பி’யும் ஃபுகாட்டாவின் ‘ஃப்’பும் அதில் ஒலிக்கின்றன. இப்படி ஒரு புரதத்தின் வடிவத்தை யாராவது கணித்தால், அது நடக்கக்கூடிய வடிவமா என்று சரிபார்ப்பது ராமச்சந்திரன் வரைபடத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்டது. கணினி அரிதாக இருந்த காலத்தில் எண்களால் உயிரைப் படித்தவர்கள். உலகத்தின் எந்தப் புரத வடிவியல் மென்பொருளைத் திறந்தாலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. யாரும் அதை எதைப் பார்த்தும் மாற்றி வைக்கவில்லை.

இப்போது பெர்னாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பெர்ல் என்ற சொல்லுக்குக் கரு கொடுத்ததாகச் சொன்ன அந்தப் பன்றித் தொடைப் பெயரை 18-ஆம் நூற்றாண்டு வகைப்பாட்டாளர்கள் எடுத்து வேறொரு சிப்பிப் பேரினத்துக்குச் சூட்டிவிட்டார்கள். கேரளத்தில் கல்லுமக்காய் என்று வறுத்து விற்பது அதைத்தான்: பெர்னா விரிடிஸ், பச்சைச் சிப்பி. 2023-இல் அதன் மரபணுத் தொகையைப் படித்து முடித்ததாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. 15 குரோமோசோம் வரை ஒழுங்குபடுத்திய தொகை. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சந்தியா சுகுமாரன். கடல் மீன்களின் மரபியலில் தொடங்கி முழு மரபணுத் தொகை வரை போனவர். அதே ஆண்டில் நெய்ச்சாளையின் மரபணுத் தொகையையும் அவர் குழு வெளியிட்டது. இந்தியக் கடல் மீனொன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. மீனைத் தொட்டுப் பார்த்தவரே கணினிக்கும் வரவேண்டும் என்பது இந்தத் துறையின் தேவை. இரண்டு கரையிலும் கால் வைத்தவர்கள் இப்போது நம் நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-களின் பிற்பகுதியிலேயே உயிர்த்தகவலியல் மையம் தொடங்கிய இடம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பெர்லின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. புதிதாக வரும் உயிரியல் மாணவர் பைத்தான் கற்கிறார். சிஜிஐ தொகுப்பை 2015-இல் பெர்லோடு சேர்த்து வழங்குவதை நிறுத்தினார்கள். பெர்லின் ஆறாம் பதிப்பாக ஆண்டுக்கணக்கில் உருவாக்கியதும் பழைய பெர்லும் வெவ்வேறு மொழிகளாகப் பிரிந்துபோனதால், 2019-இல் புதியதற்கு ராகு என்று பெயர் மாற்றினார்கள். கிரகணத்து ராகு இல்லை. ஒட்டகத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து நறுக்கியது. பெர்ல் புத்தகத்தின் அட்டையில் ஒட்டகப் படம் இருந்ததன் தொடர்ச்சி. முத்து அந்தப் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் தூத்துக்குடி, வேம்பார், புன்னைக்காயல், மணப்பாடு பக்கத்தவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். 1961 சலாபத்தில் 20 வயதில் மூழ்கியவருக்கு இப்போது 80-ஐத் தாண்டியிருக்கும். தொள்ளாயிரம் பார் போன்ற பார்களின் பெயர்கள், சிப்பியின் வயதுக்கு ஒரு பெயர், பாசி பிடித்ததற்கு ஒரு பெயர், முத்துத் தரங்களின் பெயர்கள் அவர் வாயில் இருக்கின்றன. சொன்னவர், ஊர், நாள் மூன்றையும் குறித்து எழுதி வையுங்கள். சிப்பி ஓடு கையில் இருந்தால் பெயரோடு சேர்த்துப் படமெடுத்து, விலங்கியல் துறை உள்ள பக்கத்துக் கல்லூரியில் கொடுங்கள். எந்தப் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்பதை அவர்கள் இலத்தீன் பெயரோடு பொருத்தித் தருவார்கள்.